'குடிதண்ணீர் இல்லை' என ஒரு பொய்... மிட்வே போரில் ஜப்பான் சிக்கியது எப்படி?

இரண்டாம் உலகப் போர் என்றாலே ஹிட்லர், ஸ்டாலின்கிராட் இதெல்லாம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆனால் பசிபிக் கடலில் போரின் போக்கையே திருப்பிப்போட்டது, 1942 ஜூன் 4ஆம் தேதி மிட்வே என்ற குட்டித் தீவு அருகே தொடங்கிய சண்டை.

1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய ஜப்பான், அடுத்த ஆறே மாதத்தில் மலேயா, சிங்கப்பூர், பர்மா, பிலிப்பைன்ஸ் என வரிசையாகப் பிடித்துவிட்டது. ஆனால் பேர்ல் ஹார்பர் தாக்குதலில் அமெரிக்காவின் விமானம் தாங்கிக் கப்பல் ஒன்றுகூடச் சிக்கவில்லை. காரணம், அன்று அவை துறைமுகத்திலேயே இல்லை. அவற்றை வெளியே இழுத்து அழிக்க, ஜப்பான் தளபதி யமமோட்டோ போட்ட திட்டம்தான் மிட்வே.

அந்த 'ஏஎஃப்' எது?

ஹவாயில் ஒரு அடித்தள அறையில், ஜோசப் ரோச்ஃபோர்ட் தலைமையிலான குழு ஜப்பானின் ரகசிய வானொலித் தகவல்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது. தாக்குதல் 'ஏஎஃப்' என்ற இடத்தில் என்று தெரிந்தது. அது மிட்வேதான் என்றார் ரோச்ஃபோர்ட். வாஷிங்டனில் பலர் நம்பவில்லை.

உடனே ஒரு தந்திரம். 'எங்கள் குடிநீர் இயந்திரம் பழுதாகிவிட்டது' என வெளிப்படையாக வானொலியில் சொல்லும்படி, கடலடி கேபிள் வழியாக மிட்வேக்கு ரகசிய உத்தரவு போனது. அதன் பிறகு ஜப்பான் தன் ஆட்களுக்கு அனுப்பிய தகவல் சிக்கியது: 'ஏஎஃப்-இல் தண்ணீர்த் தட்டுப்பாடு'. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் மூன்று விமானம் தாங்கிக் கப்பல்களைக் காத்திருக்க வைத்தார். அதில் யார்க்டவுன், முந்தைய சண்டையில் அடிவாங்கி வந்த கப்பல். சரிசெய்ய மூன்று மாதம் ஆகும் என்றார்கள். மூன்றே நாளில் ஒட்டுப்போட்டுக் கிளப்பினார்கள்!

காலை 10.20

சண்டை அமெரிக்காவுக்குச் சாதகமாகத் தொடங்கவில்லை. ஹார்னெட் கப்பலில் இருந்து கிளம்பிய 15 டார்பிடோ விமானங்களும் சுட்டு வீழ்த்தப்பட்டன. அவற்றில் போன 30 பேரில் பிழைத்தவர் ஒருவர்தான். ஜப்பான் தளபதி நகுமோவுக்கு வேறு தலைவலி: விமானங்களில் டார்பிடோவா, தீவைத் தாக்கும் குண்டா என மாற்றி மாற்றி ஏற்றியதில் நேரம் போய்விட்டது.

இதற்கிடையே, எரிபொருள் குறைந்தும் திரும்பாமல் தேடிக்கொண்டிருந்தார் அமெரிக்க விமானி மெக்ளஸ்கி. தனியாக வேகமாகப் போன ஒரு ஜப்பானியப் போர்க்கப்பல் கண்ணில் பட்டது. அது போன திசையிலேயே போனார். கீழே ஜப்பானின் விமானம் தாங்கிக் கப்பல் படை!

10.20-ஐ ஒட்டிய சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யு மூன்றும் பற்றி எரிந்தன. நான்காவதான ஹிர்யு, யார்க்டவுனைத் தாக்கிவிட்டு மாலையில் தானும் குண்டுக்கு இரையானது. நான்குமே பேர்ல் ஹார்பரைத் தாக்கியவை.

ஜப்பான் தரப்பில் 3,000-க்கும் மேற்பட்டோர் பலி. அமெரிக்கா யார்க்டவுனையும் சுமார் 300 வீரர்களையும் இழந்தது. தன் மக்களிடம் ஜப்பான் இதை வெற்றி என்றே சொன்னது. காயமடைந்த வீரர்கள் யாரையும் பார்க்க முடியாதபடி தனிமையில் வைக்கப்பட்டார்கள்.

சரி, ரோச்ஃபோர்ட்டுக்கு என்ன கிடைத்தது? பதக்கம் தரச் சொல்லி நிமிட்ஸ் பரிந்துரைத்தும் வாஷிங்டன் மறுத்துவிட்டது. சில மாதங்களில் அந்த வேலையில் இருந்தே மாற்றப்பட்டார். 1976-இல் அவர் இறந்தார். பதக்கம் வந்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்துதான்.