எகிப்தியப் பிணக்காப்பும் திரைப்பட ஒப்பனையும்

ஒப்பனைக்கலை அழகு செய்தற்கே பிறந்தது என்பது பொதுவான எண்ணம். எனினும், சிதைவைக் காட்டவும் அக்கலை பயன்பட்டதுண்டு. அவ்வகையிற் பெயர்பெற்றது, 1932 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு யூனிவேர்சல் நிறுவனத்தார் வெளியிட்ட ‘மம்மி’ என்னும் படத்திலே போரிஸ் கார்லொவ் பூண்ட வேடமாகும். அவ்வேடத்தின் மூலமோ, சிதைவை மறைக்க முயன்ற பண்டை மக்களின் கைவினையாகும்.

இறந்தோன் மறுமையில் வாழ்தற்கு அவனுடல் குலையாதிருத்தல் வேண்டுமென எகிப்தியர் நம்பினர். உள்ளுறுப்புக்களை அகற்றி, நாட்ரன் என்னும் உவர் உப்பினால் நீரை வற்றச் செய்து, பிசின் பூசிச் சணற்றுணியாற் சுற்றிப் பாடஞ்செய்தனர். இவ்வினைக்கு 70 நாள் சென்றதாகக் கூறுவர். உடல் அழுகாது நின்றது. முகமோ வற்றி எலும்போடு ஒட்டியது. இக்குறையை இருபத்தோராம் அரசமரபின் காலத்தார் (ஏறத்தாழ கி. மு. 1069 - 945) பொறுத்திலர். தோலிலே சிறு கீறலிட்டு மண், மரத்தூள், துணி முதலியவற்றை உட்செலுத்திக் கன்னத்தைப் புடைக்கச் செய்தனர். செயற்கைக் கண் பொருத்தினர். ஆடவர் மேனிக்குச் செங்காவியும் மகளிர் மேனிக்கு மஞ்சள் வண்ணமும் பூசினர். முதலாம் பினெட்ஜெமின் தேவி ஹெனுத்தாவியின் கன்னங்களில் அளவுமீறித் திணித்தமையால், பின்னர் அவள் முகத்தோல் வெடித்துப் பிளந்தது. இளமையை மீட்க முயன்ற கையே முகத்தைச் சிதைத்ததென்க.

அரசருடல்கள் பல 1881 இல் தெயிர் எல்-பஹ்ரி மறைவிடத்திலிருந்து வெளிப்பட்டன. எலியட் சிமித் 1912 இல் அவற்றைப் படங்களுடன் நூலாக்கினார். 1922 இல் துத்தங்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டபின் மேனாட்டார் ஆர்வம் பெருகியது. அக்காலத்தில் அச்செய்தியை எழுதிய பத்திரிகையாளர் ஜோன் பால்டர்ஸ்டனே ‘மம்மி’யின் திரைக்கதையாசிரியர்.

வேடத்தை ஆக்கியவர் ஜாக் பியர்ஸ். கார்லொவின் முகம் மூன்றாம் இராம்சே மன்னனின் உடலைத் தழுவியதென்பர். பஞ்சிழைகளைக் கொலோடியன் என்னும் பசையினால் படைபடையாக ஒட்டிச் சுருக்கங்களை உண்டாக்கினார்; மயிரிலே களிமண் அப்பினார்; துணிச் சுற்றுக்களைத் தீயில் வாட்டிப் பழமை ஏற்றினார். இதற்கு எட்டு மணிநேரஞ் சென்றது. இத்துணை உழைப்பும் படத்தின் தொடக்கத்திற் சில நிமிடமே காணப்படுகின்றது. பின்னர் வருபவன், துணிச்சுற்று நீங்கி, வறண்ட தோலும் ஆழ்ந்த நோக்குமுடைய எகிப்தியனாகவே வருகின்றான்.

எகிப்தியருக்கு உலர்ந்த தோல் அழுகலை வென்றமைக்குச் சான்று. படத்தார்க்கு அதுவே அழிவின் குறி. ஆயினும் இதனை வெறும் அறியாமை எனத் தள்ளலாகாது. கதையில் வரும் இம்கோதெப் உயிரோடு புதைக்கப்பட்டவன்; அவன் உள்ளுறுப்புக்கள் அகற்றப்படவில்லை என்று படத்திலேயே சொல்லப்படுகின்றது. முறைப்படி பாடஞ்செய்யப்படாதவன் ஆதலின், அவன் மேனியின் வறட்சி காப்பின் அடையாளமன்று, தண்டனையின் அடையாளமாகும். பெயரைத் தெரிந்தமைதான் பொருந்தவில்லை. வரலாற்றில் வரும் இம்கோதெப் சோசர் மன்னனின் அமைச்சன். பின்னாளில் நோய் தீர்க்குந் தெய்வமாக வணங்கப்பட்டவன். அத்தகையோன் பெயரை நடைப்பிணத்துக்கு இட்டது பெரும் அநீதியே.

1942 முதல் 1944 வரை வெளிவந்த மூன்று படங்களில் இளைய லொன் சானி இத்தகைய வேடம் பூண்டபோது இறப்பர் முகமூடி பயன்பட்டது. அதிற் சுருக்கங்கள் உள. கார்லொவின் கண்களிற் கண்ட துயரம் இல்லை.