பாதுஷாவின் பனியும் தெருக்கோடிச் சர்பத்தும்

வட இந்திய நகரங்களில், வெயில் கொளுத்தும் கோடைப் பிற்பகலில், தள்ளுவண்டி ஒன்று தெருமுனையில் வந்து நிற்பதைக் காணலாம். அதன்மேல் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சர்பத்துப் புட்டிகள் வரிசையாக இருக்கும். சாக்கில் சுற்றிய பனிக்கட்டி ஒன்று நடுவே இருக்கும். தச்சனுடைய இழைப்புளியைத் தலைகீழாகப் பதித்தாற்போன்ற பலகையில் வண்டிக்காரர் அக் கட்டியைத் தேய்ப்பார். உதிரும் துருவலைக் குச்சியைச் சுற்றி உருட்டிச் சர்பத்தை ஊற்றிக் கொடுப்பார். பம்பாயில் இதனைக் 'கோலா' என்பர். உருண்டை என்று பொருள். டில்லியில் 'சுஸ்கி' என்று பெயர். உறிஞ்சுதலைக் குறிக்கும் சொல் அது. குஜராத்தின் ராஜ்கோட் பகுதியில் இதையே தட்டில் குவித்துப் பாலாடையும் பருப்பு வகைகளும் தூவிப் பரிமாறுகின்றனர்.

இந்த எளிய பண்டத்தில் இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவ்விரண்டும் ஒரே வழியாக நம் வீடுகளுக்கு வந்தவை அல்ல. இனிப்பு நெடுங்காலமாகவே வீட்டில் இருந்தது. 'ஷர்பத்' என்பது பருகுதலைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து பிறந்த சொல். ரோஜா இதழ், வெட்டிவேர், பால்ஸாக் கனி, நாவற்பழம், கொங்கணக் கரையில் கோகம் பழத்தோல் ஆகியவற்றைக் கொண்டு சாறு கூட்டும் வழக்கம் சாதாரணக் குடும்பங்களிலும் உண்டு. நமது பானகம் இவற்றுக்கு உறவுதான். குளிர்ச்சியோ அரண்மனையை விட்டு வெளியே வருவதற்குச் சுமார் முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

அக்பருடைய ஆட்சியை விவரிக்கும் 'ஆயீனே அக்பரி' என்ற நூலில், அபுல் ஃபஸல் தண்ணீரைக் குளிர்விக்கும் முறை ஒன்றைச் சொல்லுகிறார். ஒரு சேர் தண்ணீரை ஈயக் கூஜாவிலோ வெள்ளிக் கூஜாவிலோ ஊற்றி வாயை மூடவேண்டும். வேறொரு பாத்திரத்தில் ஐந்து சேர் தண்ணீரில் இரண்டரைச் சேர் வெடியுப்பைக் கரைத்து, அதனுள் கூஜாவைக் கால்மணி நேரம் சுழற்ற வேண்டும். வெடியுப்பு கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கூஜாவிலுள்ள நீர் சில்லிட்டுவிடும். பீரங்கி மருந்தில் நெருப்பாகும் பொருள் அரசருடைய கோப்பையில் குளிராயிற்று என்று நூலாசிரியர் வியக்கிறார்.

1585-இல் அக்பர் லாகூருக்குப் பெயர்ந்த பின்னர் மலைப்பனியே கிடைக்கலாயிற்று. லாகூரிலிருந்து சுமார் 45 கோஸ் தொலைவிலிருந்த வடக்கு மலைப்பகுதியிலிருந்து படகிலும் வண்டியிலும் ஆள் தலையிலும் அது வந்தது. பத்துப் படகுகள் இதற்கென இருந்தன. நாளுக்கு ஒன்றாகத் தலைநகரை வந்தடையும். ரூபாய்க்கு இரண்டு அல்லது மூன்று சேர் விலை. கோடையில் எல்லாத் தரத்தினரும் பனிக்கட்டியை உபயோகித்தனர் என்று அபுல் ஃபஸல் எழுதுகிறார். இதை நம்புவது கடினம். அவருடைய நூலே இடம் கொடுக்கவில்லை. தண்ணீர் சுமப்போருக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தாம் கூலி என்று அவரே வேறோர் இடத்தில் குறித்திருக்கிறார். நாற்பது தாம் சேர்ந்தது ஒரு ரூபாய். ஆகவே தண்ணீர் சுமந்தவன் அந்த இரண்டு மூன்று சேர் பனிக்கட்டியை வாங்க இரண்டு வாரமோ அதற்கு மேலோ உழைத்த கூலி முழுவதையும் கொடுத்திருக்க வேண்டும்.

மலைக்குப் போகாமலே சமவெளியில் பனிக்கட்டி செய்தவர்களும் உண்டு. ஸர் ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயத் தளபதி அலகாபாத்தில் தாம் கண்டதை 1775-இல் லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். முப்பது அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழத்துக்குக் குழி தோண்டி, கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ பரப்புவார்கள். அதன்மேல் ஆழமில்லாத மண் தட்டுகளை நெருக்கமாக அடுக்கி, காய்ச்சி ஆறிய நீரை அந்தி வேளையில் ஊற்றுவார்கள். குளிர்காலத்தில் மேகமும் காற்றும் இல்லாத இரவாக இருந்தால், காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு மேலே இருந்தாலும் தட்டுகளில் பனி படியும். தெளிந்த வானை நோக்கி நீர் தன் வெப்பத்தை இழக்கிறது. மண்ணின் வெப்பமோ தட்டைகளைக் கடந்து மேலேறுவதில்லை. கதிரவன் எழுமுன் கூலியாட்கள் வந்து பனியைப் பெயர்த்துக் கூடைகளில் சுமந்து ஆழமான குழியில் கொட்டி இறுக்குவார்கள். விடியற்குளிரில் உறைநீரில் கைவைத்தவர்கள் அவர்கள். கோடையில் சர்பத்தைக் குளிர்வித்துப் பருகியவர்கள் வேறு.

அடுத்த திருப்பம் கடல் கடந்து வந்தது. பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர் அனுப்பிய 'டஸ்கனி' என்ற கப்பல் 1833 மே மாதம் ஏறத்தாழ 180 டன் ஏரிப் பனிக்கட்டியுடன் புறப்பட்டது. நான்கு மாதம் பயணம் செய்து, நிலநடுக் கோட்டை இருமுறை கடந்து, செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. பின்னர் பம்பாயிலும் சென்னையிலும் பனிக்கட்டிக் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' என்று மக்கள் வழங்கும் கட்டடம் அவற்றுள் ஒன்று. 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கியதால் இப்போது அது விவேகானந்தர் இல்லம். இந்த அமெரிக்கப் பனி பெரும்பாலும் ஐரோப்பியர் மேசைக்கும் செல்வர் விருந்துக்கும் மருத்துவமனைக்குமே போயிற்று.

இயந்திரந்தான் கதையை மாற்றியது. 1874-இல் சென்னையிலும் 1878-இல் கல்கத்தாவிலும் பனிக்கட்டிக் கம்பெனிகள் தோன்றின. சில ஆண்டுகளில் கப்பல் பனி வருவது நின்றது. விலை இறங்க இறங்கப் பனிக்கட்டி கடைத்தெருவுக்கு வந்தது. ஹிந்தியில் இதற்கு வழங்கும் 'பர்ஃப்' என்ற பாரசீகச் சொல் முதலில் வானிலிருந்து விழும் பனியைக் குறித்தது. ஆலையில் செய்த கட்டிக்கும் அதுவே பெயராயிற்று. இழைப்புளியால் கட்டியை மீண்டும் துருவலாக்கும் வண்டிக்காரர், அச் சொல்லை அதன் பழைய பொருளுக்கே திருப்பிவிடுகிறார் எனலாம்.

ஆலைப் பனிக்கட்டியில் ஓர் இடர் உண்டு. மீனைப் பதப்படுத்தச் செய்த கட்டியும் சர்பத்து வண்டிக்குப் போகக்கூடும். கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. இதற்காகவே, உண்பதற்கல்லாத பனிக்கட்டிக்கு நீல நிறம் ஊட்டவேண்டும் என்ற உத்தரவு 2018-இல் மகாராஷ்டிரத்தில் பிறந்தது. குளிர்சாதனப் பெட்டி உள்ள இல்லங்களில் இந்த ஐயத்திற்கே இடமில்லை.

வீட்டில் செய்வோர் அலகாபாத்துக்காரர்களைப் போலவே தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து உறையவிடுக. உறைந்த கட்டியை எடுத்தவுடன் தேய்த்தால் கண்ணாடிபோல் சிதறும். மேற்பரப்பு வியர்க்கும்வரை சில நிமிடங்கள் பொறுத்தால் பஞ்சுபோல் உதிரும். கைத்துருவி இல்லாவிடில் தடித்த துணியில் கட்டி மரக் கொட்டாப்புளியால் நொறுக்கலாம். ஆனால் அது பொடிக்கல்லாகவே இருக்கும், சாறு அடியில் வடிந்துவிடும். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு சர்க்கரை இட்டுக் கம்பிப் பதத்திற்குச் சற்று முன்பே இறக்கிவிடுக. எலுமிச்சைச் சாறு சிறிது சேர்த்தால் சர்க்கரை மீண்டும் பூக்காது. நன்கு குளிர்ந்த பின்பே ஊற்றவேண்டும். நாவில் குளிர் படும்போது இனிப்புக் குறைந்து தோன்றுமாதலால், தனியே சுவைத்தால் திகட்டும் அளவுக்குச் சாறு இனித்திருப்பதே சரி.

பம்பாய் மக்கள் மிக விரும்பும் 'காலா கட்டா', அதாவது கறுப்புப் புளிப்பு, நாவற்பழத்தில் செய்வது. கறுப்புப்பும் வறுத்த சீரகப் பொடியும் சேரும். நாவல் பழுப்பது பெரும்பாலும் மழை தொடங்கும் ஜூன், ஜூலை மாதங்களில். எனவே சித்திரை வெயிலில் அதனைச் சுவைக்க விரும்பும் குடும்பத்தார் முந்தைய மழைக்காலத்திலேயே சாற்றைக் காய்ச்சிப் புட்டியில் அடைத்து வைத்திருக்க வேண்டும்.