பெண்கள் வாலிபாலும் உயரமும் – ஒரு வரலாற்றுப் பார்வை

கல்லூரி திறந்த முதல் மாதத்திலேயே வாலிபால் அணித் தேர்வு நடந்துவிடும். கடலூர் முதுநகரிலிருந்து பஸ் பிடித்து வரும் பெண்ணாக இருந்தாலும் சரி, சிதம்பரம் அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணாக இருந்தாலும் சரி, மைதானத்துக்குள் வந்ததும் எல்லோர் பார்வையும் முதலில் போவது அவள் உயரத்தின் மேல்தான். சர்வீஸ் எப்படிப் போடுவாள், பள்ளியில் எத்தனை வருடம் ஆடினாள் என்பதெல்லாம் அப்புறம். நெட்டையான பெண் பந்தைத் தொட்டே பார்க்காதவளாக இருந்தாலும் "வாம்மா, கத்துக்கலாம்" என்று அழைப்பு வரும். உயரம் குறைந்தவள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பல நேரம் கோட்டுக்கு வெளியே நின்று பந்து பொறுக்கிப் போட வேண்டியதுதான்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெண்கள் ஆட்டத்தில் வலையின் உயரம் 224 செ.மீ. (ஆண்களுக்கு 243 செ.மீ.). இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ. அந்த உயரமுள்ள பெண் நின்றபடி கையைத் தூக்கினால் விரல் நுனி ஏறக்குறைய 2 மீட்டரைத் தொடும். வலையின் மேல் விளிம்பைத் தொடவே ஒரு சாண் குதிக்க வேண்டும். பந்தை எதிர்ப்பக்கம் கீழ்நோக்கி அடிக்க இன்னும் ஒரு சாணுக்கு மேல் வேண்டும். 182 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கோ குதிக்காமலேயே விரல்கள் வலைக்கு மேலே தெரியும். ஆகவே பி.டி. சார்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் இந்த ஆட்டம் பிறந்தபோது உயரத்துக்கு இவ்வளவு மதிப்பு இல்லை என்பதுதான் வேடிக்கை.

1895-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோல்யோக் என்ற ஊரில், ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் இதை உருவாக்கினார். கூடைப்பந்தில் ஓடி மூச்சு வாங்கிய நடுத்தர வயது வியாபாரிகளுக்கான இதமான பொழுதுபோக்கு இது. பெயர் மின்டோனெட். வலை வெறும் 6 அடி 6 அங்குலம். ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம், பந்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தட்டலாம். தொந்தி விழுந்தவர்களும் ஆடலாம்!

அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான் ஆட்டம் ஆசியாவுக்கும் வந்தது. 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர்கள் தமிழகமெங்கும் பள்ளிகளில் டிரில் மாஸ்டர்களாகப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும் என்பதால் கிராமத்துப் பள்ளிகளுக்கும் இந்த ஆட்டம் கட்டுப்படியானது.

ஆட்டம் பரவப் பரவ விதிகள் இறுகின. ஆறு பேர்தான் ஆட வேண்டும், மூன்று தொடுதலுக்குள் பந்து வலையைத் தாண்ட வேண்டும் என்று ஆனது. எல்லாவற்றையும் விட முக்கியமானது ரொட்டேஷன். எதிரணியிடமிருந்து சர்வீஸைப் பறிக்கும் ஒவ்வொரு முறையும் ஆறு பேரும் கடிகாரச் சுற்றில் ஓரிடம் நகர வேண்டும். இன்று வலையருகே நின்று ஸ்மாஷ் அடிப்பவள் சற்று நேரத்தில் பின்வரிசையில் குனிந்து பந்து எடுத்தாக வேண்டும். பின்வரிசையில் குனிபவளும் தன் முறை வரும்போது வலையருகே போய் எதிரணியின் நெட்டையான பெண்ணைத் தடுத்தாக வேண்டும். பின்வரிசையில் இருப்பவள் பிளாக் செய்யக்கூடாது. மூன்று மீட்டர் கோட்டுக்கு முன்னால் நின்று வலைக்கு மேல் உள்ள பந்தை அடிக்கவும் கூடாது. ஒவ்வொரு செட்டுக்கு முன்பும் வரிசைச் சீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரிசை பிசகினால் எதிரணிக்குப் பாயிண்ட்.

எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்ற சமத்துவம் பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் குட்டையான பெண்ணுக்கு இது வினையாகவும் முடிந்தது. ஆறு சுற்றில் மூன்று சுற்று அவள் முன்வரிசையில் நின்றாக வேண்டுமே! அந்த மூன்று சுற்றிலும் எதிரணி அவள் தலைக்கு மேலாகவே அடிக்கும்.

கிழக்கு ஆசியாவில் நெடுங்காலம் வேறு மாதிரி ஆடினார்கள். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர், ரொட்டேஷன் கிடையாது. நெட்டையானவர்கள் முன்னால், குட்டையானவர்கள் பின்னால், கடைசி வரை அதே இடம். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் ஆறு பேர் ஆட்டம், ஒன்பது பேர் ஆட்டம் இரண்டுமே நடந்தன. உலகப் போட்டிகளில் ஆறு பேர் ஆட்டம்தான் என்று உறுதியானதும் ஜப்பான் பெண்களுக்குப் பெரிய சிக்கல். ரஷ்யப் பெண்களின் உயரத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

அதற்கு விடை ஒரு பஞ்சாலையிலிருந்து வந்தது. ஒசாகா அருகே கைசுகா என்ற ஊரில் நிச்சிபோ நூற்பாலை இருந்தது. ஆலைப் பெண்களின் அணிக்குப் பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாத்சு. பகலில் ஆலை வேலை, மாலையில் தொடங்கினால் நள்ளிரவு வரை பயிற்சி. ஊர் அவருக்கு வைத்த பெயர் 'பேய்'. (இன்று ஒரு கல்லூரியில் இப்படிப் பயிற்சி கொடுத்தால் பெற்றோர் சும்மா விடமாட்டார்கள்.) மேலே எட்டாவிட்டால் கீழே ஒரு பந்தும் விழக்கூடாது என்பது அவர் முடிவு. எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும் பொம்மை ஒன்று ஜப்பானிலும் உண்டு, நம் தஞ்சாவூர் பொம்மை போல. அதைப் பார்த்துத்தான் பாய்ந்து பந்தை எடுத்து, உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்கும் முறையை அவர் உருவாக்கியதாகச் சொல்வார்கள்.

1960 உலகப் போட்டியில் ஜப்பானுக்கு இரண்டாம் இடம். 1962-ல் மாஸ்கோவுக்கே போய் சோவியத்தை வென்றார்கள். பெண்கள் வாலிபால் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1964 டோக்கியோவில். அக்டோபர் 23 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில் ஜப்பான் சோவியத்தை 3-0 என்று வீழ்த்தியது. அந்த ஒளிபரப்புக்கு ஜப்பானில் பதிவான பார்வையாளர் அளவு 66.8 சதவீதம். அணித்தலைவி மசாயே கசாய் 174 செ.மீ., அணியின் உயரமானவர்களில் ஒருவர். அப்போது அவருக்கு வயது 31. ஆட்டத்துக்காகக் கல்யாணத்தைத் தள்ளிப் போட்ட அவருக்குப் பிறகு பிரதமர் சாட்டோவே வரன் பார்த்துக் கொடுத்தார் என்பது தனிக் கதை.

ஆனால் அந்த வெற்றியோடு கதை திரும்பியது. 1960களின் நடுவில் பிளாக் செய்யும் கைகள் வலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் நீளலாம் என்று விதி மாறியது. நீண்ட கை உள்ளவளுக்கு இதைவிட வரம் வேறு என்ன? 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்குப் பிறகு பிளாக்கில் பட்ட தொடுதல் மூன்று தொடுதலில் சேராது என்றும் ஆனது. கையில் பட்டுத் தெறித்தாலும் இன்னும் மூன்று வாய்ப்பு மிச்சம். பிளாக்கின் மதிப்பு ஏறியது, கூடவே உயரத்தின் மதிப்பும். 1980களில் சீனாவின் லாங் பிங் 184 செ.மீ. அமெரிக்காவின் ஃப்ளோ ஹைமன் 196 செ.மீ.

ஃப்ளோ ஹைமனைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1954-ல் பிறந்தவர். ஹூஸ்டன் பல்கலைக்கழகம் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுத்துச் சேர்த்த முதல் பெண். அமெரிக்கக் கல்லூரிகள் விளையாட்டில் பெண்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற சட்டம் 1972-ல்தான் வந்திருந்தது. அந்தச் சட்டத்தின் பிடி தளர்ந்தபோது அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்ததால் அந்த வாய்ப்பு போனது. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் முதல் சுற்றில் சீனாவை வென்ற அமெரிக்க அணி, இறுதி ஆட்டத்தில் அதே சீனாவிடம் தோற்று வெள்ளிப் பதக்கத்தோடு நின்றது. பிறகு ஹைமன் ஜப்பான் போய் ஒரு நிறுவன அணிக்கு ஆடினார். 1986 ஜனவரி 24 அன்று மாட்சுவே நகரில் ஆட்டத்தின் நடுவே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். வயது 31.

முதலில் மாரடைப்பு என்றார்கள். பிரேதப் பரிசோதனையில்தான் உண்மை தெரிந்தது: மார்ஃபன் நோய். உடலின் இணைப்புத் திசுவைப் பாதிக்கும் பரம்பரை நோய் அது. அது உள்ளவர்கள் பலர் ஒல்லியாக, மிக உயரமாக, நீண்ட கை விரல்களோடு இருப்பார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவர் பலவீனமாகி ஒருநாள் கிழிந்துவிடக்கூடும். எல்லோரும் ஆசைப்பட்ட அந்த உயரத்துக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது. அத்தனை வருடமும் யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு அவருடைய சகோதரரைப் பரிசோதித்தபோது அவருக்கும் அதே நோய் இருந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தது. உயரம் பார்த்து அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய நோய் இது.

இனி அமெரிக்கக் கல்லூரி அணிகளின் வரிசை. அங்கே பெண்களுக்கான என்.சி.ஏ.ஏ. வாலிபால் போட்டி 1981-ல் தொடங்கியது. அவர்கள் விதிப்படி ஒரு செட்டில் 15 முறை ஆள் மாற்றலாம். சர்வதேச விதிப்படி 6 முறைதான். அதிலும் வெளியே போனவள் ஒரே ஒரு தடவை, தன் பழைய இடத்துக்கு மட்டுமே திரும்ப வரலாம். சின்ன வித்தியாசம் போலத் தெரிந்தாலும் குட்டையான பெண்ணின் தலையெழுத்தே இதில் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரியில் ஒரு நெட்டையான பெண் முன்வரிசையில் மூன்று சுற்று ஆடிவிட்டு வெளியே போவாள். பந்து எடுப்பதில் கெட்டிக்காரியான குட்டைப் பெண் பின்வரிசைக்கு வருவாள். சுற்றுக்குச் சுற்று இப்படியே நடக்கும். இரண்டு லிஃப்டர்களை வைத்துக்கொண்டு, முன்வரிசைக்கு வரும் லிஃப்டரை வெளியே எடுத்து நெட்டையான அட்டாக்கரை இறக்குவதும் அங்கே சகஜம். நம் பல்கலைக்கழகப் போட்டிகளில் சர்வதேச விதிதான். அதே வித்தையைச் செய்தால் இரண்டு பேரை மாற்ற 2, திருப்பிக் கொண்டுவர 2, ஆக 4 மாற்றம் ஒரே சுற்றில் தீர்ந்துவிடும். மிச்சம் இரண்டை வைத்துக்கொண்டு செட் முழுக்க ஓட்ட வேண்டும்.

1998-ல் சர்வதேசக் கூட்டமைப்பு லிபரோ என்ற இடத்தைக் கொண்டு வந்தது. வேறு நிறச் சட்டை போட்டவள், பின்வரிசையில் மட்டும் ஆடுவாள், அவள் உள்ளே வெளியே போவது ஆள் மாற்றக் கணக்கில் வராது. சர்வதேச ஆட்டத்தில் அவள் சர்வீஸ் போடக்கூடாது, பிளாக் செய்யக்கூடாது, வலைக்கு மேல் உள்ள பந்தை அடிக்கவும் கூடாது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்துக்கு இது 2002-ல் வந்தது. குட்டையானவர்களுக்கு விடிவு என்று பலரும் கொண்டாடினார்கள். டொமினிகன் குடியரசின் பிரெண்டா காஸ்டியோ (167 செ.மீ.) போன்றவர்கள் உலகப் புகழ் பெற்றதும் இதனால்தான்.

ஆனால் லிபரோ பெரும்பாலும் யாருடைய இடத்தில் உள்ளே வருகிறாள்? நடுவில் நின்று பிளாக் செய்யும் இரண்டு நெட்டைப் பெண்கள் பின்வரிசைக்குப் போகும்போது அவர்களுக்குப் பதிலாக. அதாவது அந்த இருவரும் இனி குனிந்து பந்து எடுக்கப் பழகவே தேவையில்லை. 196 செ.மீ. ஹைமன் தரையில் பாய்ந்து பந்து எடுக்கக் கற்றுக்கொண்டார். அதற்குப் பின் வந்த நெட்டைகளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. குட்டையான பெண்ணுக்கு ஒரு இடம் கொடுத்த அதே விதி, நெட்டையான பெண்களுக்கு இரண்டு இடத்தை இன்னும் உறுதியாக்கிவிட்டது. மீதி மூன்று இடங்களுக்கும் உயரமானவர்களையே தேடுகிறார்கள்.

மிஞ்சுவது லிஃப்டர் இடம். அதில்தான் யோஷியே தகேஷிதா என்ற ஜப்பானியப் பெண் வருகிறார். உயரம் 159 செ.மீ. நம் ஊர் கல்லூரி வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்காரக்கூடிய உயரம்தான். 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு ஜப்பான் தகுதி பெறாமல் போனது. பெண்கள் வாலிபாலில் அப்படி நடந்தது ஜப்பானுக்கு அதுவே முதல் முறை. பழி அவர் உயரத்தின் மேல் விழுந்தது. மனம் வெறுத்து ஆட்டத்தை விட்டு வேறு வேலை தேடவும் கிளம்பினார். 2002-ல் ஜே.டி. என்ற நிறுவன அணி அழைத்தபோது திரும்பினார். 2006 உலகப் போட்டியில் ஜப்பானுக்குக் கிடைத்தது ஆறாவது இடம்தான். ஆனால் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது தகேஷிதாவுக்கு! 2012 லண்டனில் விரல் முறிந்த நிலையில் ஆடி, தென்கொரியாவை வென்று வெண்கலம் வாங்கினார். 28 வருடத்துக்குப் பிறகு ஜப்பான் பெண்களுக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

159 செ.மீ. லிஃப்டரை வைத்து எப்படி ஆட முடிந்தது என்றால், பந்து அவர் கைக்கு ஒழுங்காக வந்து சேரும்படி மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். அவர் கையிலிருந்து அது எதிரணி பிளாக் கூடுவதற்குள் பறந்தது. அவர் முன்வரிசையில் நிற்கும்போது பிளாக்கில் விழும் ஓட்டையைப் பின்னால் இருப்பவர்கள் தரையில் புரண்டு அடைத்தார்கள். தைமாத்சுவின் தஞ்சாவூர் பொம்மை வித்தைதான், ஐம்பது வருடம் கழித்து.

வரிசைச் சீட்டிலும் ஒரு சின்ன வழி உண்டு. முதல் சர்வீஸ் நமக்கு என்றால் குட்டையான லிஃப்டரை 1-ஆம் இடத்தில், அதாவது சர்வீஸ் போடும் இடத்தில் நிறுத்தித் தொடங்குவது. அங்கிருந்து 6, பிறகு 5 என்று முதல் மூன்று சுற்றும் அவள் பின்வரிசையில்தான் இருப்பாள். முன்வரிசையில் மூன்று அட்டாக்கர்கள் கிடைப்பார்கள். 25 பாயிண்ட் செட்டில் மொத்தச் சுற்றுகள் எப்போதும் ஆறின் மடங்காக முடிவதில்லை. எனவே செட் முடியும்போது அவள் பின்னால் நின்ற சுற்றுகள் முன்னால் நின்றவற்றை விடக் கூடுதலாகவோ, போனால் சமமாகவோதான் இருக்கும்.