காசைத் திருப்பிக் கொடு!

ஒருநாள் காலை தூங்கி எழுகிறீர்கள். பின்பக்கம் என்னவோ உறுத்துகிறது. கையை வைத்துப் பார்த்தால்... வால்! அதுவும் குதிரைவால்! என்ன செய்வீர்கள்? டாக்டரிடம் ஓடுவீர்களா, ஜோசியரிடமா? இல்லை, ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வீர்களா?

2022 மார்ச் 18-ம் தேதி வெளியான ‘குதிரைவால்’ படத்தில் சரவணன் என்கிற வங்கி ஊழியருக்கு இந்தக் கதி. (அவருக்கு இன்னொரு பெயர் ஃப்ராய்ட்! குறும்புதான்.) மனோஜ் லியோனல் ஜாசன், ஷியாம் சுந்தர் என்ற இரண்டு பேர் இயக்கம். ஜி.ராஜேஷ் எழுத்து. வெளியிட்டது பா.ரஞ்சித்தின் நீலம் நிறுவனம். வாலோடு அவஸ்தைப்பட்டவர் கலையரசன். இந்த வால் எங்கிருந்து வந்தது, கனவில் வந்த வாலில்லாத குதிரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று துப்பறியும் கதை மாதிரி தேடிக்கொண்டு போகிறார். கனவுக்குப் பலன் சொல்லும் பாட்டி, ஜோசியர், கணக்கு வாத்தியார் என்று ஆளுக்கொரு விளக்கம். எதை நம்புவது என்று படம் கடைசிவரை கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டவில்லை.

பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ‘தமிழில் இப்படி ஒரு படமா!’ என்று கொண்டாடியது ஒரு கட்சி. ‘வால் மட்டும்தான் புரிந்தது, தலை புரியலை’ என்று தலையைச் சொறிந்தது இன்னொரு கட்சி. கொண்டாடியவர்கள் மற்றவர்களைப் பார்த்து, ‘உங்களுக்கு ரசனை போதாது’ என்றார்கள். மற்றவர்கள், ‘உங்களுக்கும் புரியலை, ஒப்புக்கொள்ள வெட்கம்’ என்றார்கள்!

இந்தச் சண்டை ரொம்பப் பழசு. 1930 டிசம்பரில், லூயி புனுவெல் எடுத்த ஒரு கனவு மாதிரியான படத்துக்காக பாரிஸ் தியேட்டரில் திரைமேல் மையை வீசினார்கள், நாற்காலிகளை உடைத்தார்கள், வராந்தாவில் மாட்டியிருந்த ஓவியங்களைக் கிழித்தார்கள். அடுத்த சில நாளில் போலீஸ் படத்துக்கே தடை போட்டுவிட்டது. நம்ம ஊர் ஜனங்கள் எவ்வளவோ தேவலை. காசைத்தான் திருப்பிக் கேட்டார்கள்!

அது 1954-ல். படம், ‘அந்த நாள்’.

அந்த வருஷம் ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு சமயம். ஏ.வி.எம். படம். சிவாஜி கணேசன் நடிக்கிறார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்தான் அதே ஏ.வி.எம்., அதே சிவாஜி ‘பராசக்தி’யில் தமிழ்நாட்டையே அதிர வைத்திருந்தார்கள். டிக்கெட் வாங்கியவர் என்ன எதிர்பார்த்திருப்பார்? சிவாஜி மூச்சு விடாமல் வசனம் பேசுவார், நாலைந்து நல்ல பாட்டு, ஒரு டான்ஸ், வெளியே வந்து ஒரு காபி. இவ்வளவுதானே?

விளக்கு அணைந்தது. துப்பாக்கிச் சத்தம். சிவாஜி செத்து விழுந்தார்!

ஆரம்பமே அதுதான். ஹீரோவைப் படத்தின் முதல் காட்சியிலேயே தீர்த்துக்கட்டிவிட்டால், மீதிப் படத்துக்கு ஜனங்கள் யாரைப் பார்த்துக் கைதட்டுவது? சரி, பாட்டாவது வரும் என்று உட்கார்ந்தார்கள். ஒரு ரீல், இரண்டு ரீல்... ம்ஹும். பாட்டும் இல்லை, டான்ஸும் இல்லை, சண்டையும் இல்லை. முப்பதுகளில் ஒரே படத்தில் ஐம்பது பாட்டுக்குமேல் கேட்டுப் பழகிய காதுகள் அவை. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இது. பல பேர் பாதியிலேயே எழுந்து வெளியே போனார்கள். காசைத் திருப்பிக் கொடு என்று தகராறு. ஏ.வி.மெய்யப்ப செட்டியாருக்குப் பெயர் கிடைத்தது, வசூல் கிடைக்கவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பாட்டே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்ற அந்த டைரக்டர் எஸ்.பாலசந்தர். ஆமாம், வீணை பாலசந்தரேதான்! சங்கீதத்தில் அவ்வளவு பெரிய வித்வான், தன் படத்தில் அதைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்.

அவரைப் பிடித்து ஆட்டியது ஒரு ஜப்பானியப் படம். அகிரா குரோசவாவின் ‘ரஷோமான்’, 1950. ஒரு கொலை, பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள், எது நிஜம் என்று படம் சொல்லாமலே முடிகிறது. அதைத் தயாரித்த கம்பெனித் தலைவருக்கே தலைகால் புரியவில்லையாம். உதவி டைரக்டர்கள் ஸ்கிரிப்டைத் தூக்கிக்கொண்டு வந்து அர்த்தம் கேட்டதாகக் குரோசவாவே எழுதியிருக்கிறார். மறுவருஷம் வெனிஸில் பெரிய பரிசு வாங்கியதும் எல்லோருக்கும் திடீரென்று புரிந்துவிட்டது!

‘அந்த நாள்’ அப்படியே காப்பி இல்லை. ஜாவர் சீதாராமன் எழுதினார், சி.ஐ.டி. அதிகாரியாக நடித்ததும் அவரே. செத்துப்போன ராஜனைப் பற்றி மனைவி, தம்பி, தம்பி மனைவி, காதலி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஐந்து பேர் விசாரணையில் பேசுகிறார்கள். ஒவ்வொருவர் வாயில் ஒவ்வொரு ராஜன். ஆனால், கடைசியில் யார் சுட்டது என்பதைப் பாலசந்தர் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். (நான் சொல்லமாட்டேன்.) ஆக, குழப்பம் தாங்காமல் ஜனங்கள் வெளியே போனார்கள் என்று சொல்லமுடியாது. பிரியாணி என்று போர்டு மாட்டிவிட்டுத் தயிர்சாதம் வைத்தால் கோபம் வராதா? தயிர்சாதம் நல்ல தயிர்சாதம்தான் என்பது வேறு விஷயம்.

இங்கே ஒரு ரகசியத்தை உடைத்தே ஆகவேண்டும். ராஜன் ஜப்பானுக்கு உளவு சொல்கிறவன். கதை நடக்கும் ‘அந்த நாள்’ 1943 அக்டோபரில், சென்னைமீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட கையோடு வருகிறது. நிஜமாகவே விழுந்த குண்டு அது. தேதி அக்டோபர் 11.

அதற்கு முந்தைய வருஷம்தான் சென்னை நிஜமாகவே நடுங்கியது. 1942 மார்ச்சில் அந்தமான் போனது. ஏப்ரலில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடாவில் குண்டு விழுந்தது. அவசர வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்று அரசாங்கம் சொன்னதுதான் தாமதம், சென்னை காலி! குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலிகளைச் சுட்டே கொன்றார்கள். பாவம், அவை எந்தக் கட்சி? இத்தனைக்கும் அந்த வருஷம் சென்னையில் குண்டு விழவில்லை. எல்லோரும் மூட்டை முடிச்சோடு திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, 1943-ல் வந்து போட்டுவிட்டுப் போனான். சேதம் அதிகமில்லை.

ஆவடி ஒரு ராணுவ ஊராக மாறியதும் அந்தப் போரில்தான். சென்னைக்கு மேற்கே, கடலைவிட்டுத் தள்ளி, ரயில் பாதையை ஒட்டிய இடம். கிடங்குகளும் முகாம்களும் அங்கே போயின.

இப்போது இன்னொரு தேதி. குண்டு விழுந்த பத்தாவது நாள், 1943 அக்டோபர் 21. சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்கிறார். துணைக்கு நிற்பது அதே ஜப்பான். அவருடைய படையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் ஏராளம். பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி, சென்னைப் பெண். கொஞ்சம் யோசியுங்கள். அங்கே ஜப்பானோடு கை கோர்த்தவர்கள் தியாகிகள். இங்கே ஜப்பானுக்குச் செய்தி சொன்ன ராஜன் துரோகி. 1954-ல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பக்கமும் சொந்தக்காரர்கள் இருந்தவர்கள் எத்தனை பேரோ! படம் இந்தக் கேள்விக்குள் போகவில்லை. யார் சுட்டது என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய மர்மமாகப் படுகிறது.

ராஜனுக்குக் காசு ஆசை மட்டும் இல்லை என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. அவன் ரேடியோ இன்ஜினீயர். ஏழை வீட்டிலும் ரேடியோ பாடவேண்டும், மலிவு விலையில் செய்து காட்டுகிறேன் என்று உதவி கேட்டு அலைகிறான். கதவுகள் சாத்தப்படுகின்றன. அந்தக் கசப்பில்தான் அவன் எதிரி பக்கம் சாய்கிறான். இன்றைக்கும் படம் பார்த்தவர்கள் இரண்டாகப் பிரிகிற இடம் இது. ‘கடன் கிடைக்கலைன்னா நாட்டை விப்பியா?’ என்று ஒரு கட்சி. ‘திறமைசாலியை விரட்டினது யாரு?’ என்று இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. ஆனால், இரண்டாவது கட்சியின் கேள்விக்கு என்னிடம் சரியான பதில் இல்லை.

படம் வெளியான அதே ஏப்ரல் 13 அன்றுதான் காமராஜர் முதலமைச்சராகப் பதவி ஏற்றார். சினிமாவில்கூட இப்படி எழுதினால் ஓவர் என்பார்கள்! ஒன்பது மாதம் கழித்து, 1955 ஜனவரியில், ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. ‘சோஷலிச பாணிச் சமுதாயம்’ என்ற புகழ்பெற்ற தீர்மானம் அங்கேதான் போட்டார்கள். கிண்டி தொழிற்பேட்டை அதற்குப் பிறகு வந்தது. 1964-ல் பக்கத்து அம்பத்தூரிலும் தொழிற்பேட்டை. கையில் தொழில் இருக்கிறது, முதல் இல்லை என்கிற ஆளுக்கு ஷெட்டும் கரண்டும் ரோடும் தருகிற ஏற்பாடு. ராஜன் கேட்டு அலைந்தது கிட்டத்தட்ட இதைத்தான். இருபது வருஷம் முன்னால் பிறந்துவிட்டான்!

‘அந்த நாள்’ தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் வாங்கியது. மறுபடி வெளியிட்டபோது, முதல் தடவை எழுந்து போனவர்கள் கொஞ்சம் பொறுமையாக உட்கார்ந்தார்கள். இன்று அதைப் புரியாத படம் என்று யாரும் சொல்வதில்லை. ‘குதிரைவால்’ விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை. பாலசந்தர் மறைத்து வைத்தது ஒரு கொலைகாரரை. இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தியதும் கணக்குத் தீர்ந்தது. அந்த வாலுக்கு ஒற்றை விளக்கம் இல்லை என்பதுதான் இவர்களுடைய கதையே. அதற்குக் காசு கொடுத்தவர் கோபப்பட்டால், அவரை முட்டாள் என்று சொல்லாதீர்கள்.

‘அந்த நாள்’ பார்க்காதவர்கள் தேடிப் பிடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, யார் சுட்டது என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.