சுமைதாங்கிக் கற்கள்

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைப் பார்த்திருப்போம். இரண்டு கற்றூண்கள், அவற்றின்மேல் குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு நடந்து வருபவர் பிறர் உதவியின்றியே சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். சூலோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் இக்கல்லை நடுவது வழக்கமாக இருந்தது. தன் வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே மாண்டவளுக்கு, வழிப்போக்கர் இறக்கி வைக்கும் சுமையால் ஆறுதல் கிட்டும் என்பது மக்கள் நம்பிக்கை. இந்நம்பிக்கையை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் அக்கற்கள் சொல்லும் வரலாற்றை மறுக்க இயலாது. அவ்வளவு பெண்கள் பேறுகாலத்தில் இறந்திருக்கிறார்கள்.

ஆற்காடு என்றவுடன் 1751-இல் கிளைவ் எதிர்கொண்ட முற்றுகையையே பள்ளிப் பாடநூல்கள் நமக்குக் கற்பித்தன. அதே ஆற்காட்டு மண்ணில், வேலூரைச் சுற்றிய சிற்றூர்களில், தாயின் உயிருக்காக நடந்த நீண்ட போராட்டத்தை நாம் அதிகம் அறியவில்லை. நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் அப்போராட்டம், கத்தோலிக்கராகிய நமது மனச்சான்றையும் தொட்டுப் பேசுகிறது.

ஓர் இரவில் மூன்று அழைப்புகள்

ஐடா ஸ்கட்டர் 1870-ஆம் ஆண்டு இராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கட்டர், யாழ்ப்பாணத்தில் முதலில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவப் பணியாளர். தந்தையும் மருத்துவரே. ஆனால் இளம்பெண் ஐடாவுக்கு இந்நாட்டில் தங்கும் எண்ணம் இருக்கவில்லை. அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், 1890-களின் தொடக்கத்தில் நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார்.

அங்கே ஓர் இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவருடைய இளம் மனைவியரும் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். மூவரும் ஐடாவையே அழைத்தனர். தாம் மருத்துவர் அல்லர், தந்தையே மருத்துவர் என்று அவர் எடுத்துச் சொன்னபோது, அந்நிய ஆடவர் தம் மனைவியைத் தொடுவதற்கு அவர்கள் இசையவில்லை. பொழுது விடிந்தபின் மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது.

அந்த இரவு ஐடாவின் வாழ்க்கையைத் திருப்பியது. அவர் அமெரிக்கா சென்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்ந்தார். ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவப் பணி, 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையாயிற்று. 1909-இல் செவிலியர் பள்ளி. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. இன்றைய வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இவ்வாறே வளர்ந்தது. வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, அங்குக் கூடிய நோயாளரைப் பார்ப்பதும் அவருடைய வழக்கமாயிற்று.

அந்த மூன்று பெண்களும் மருந்து இல்லாததால் மட்டும் இறக்கவில்லை. மருத்துவர் அந்த வீட்டிலேயே இருந்தார். ஆனால் அவரை அணுகும் வழி அடைபட்டிருந்தது. இருப்பதற்கும் எட்டுவதற்கும் இடையிலான இந்தத் தொலைவைப் பின்வரும் வரலாறு முழுவதிலும் காண்கிறோம்.

நம் வீட்டுக் கதவு

அந்நாளில் நமது திருச்சபை என்ன செய்துகொண்டிருந்தது என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு நேர்மையாகவே விடை கூற வேண்டும். அக்காலத் திருச்சபை ஒழுங்கு, துறவற சபைகளின் சகோதரிகள் மகப்பேறு மருத்துவத்தில் ஈடுபடுவதை அனுமதிக்கவில்லை. அனாதைக் குழந்தைகளை ஏந்திய கைகள், அக்குழந்தைகள் பிறக்கும் வேளையில் தாய்க்கு உதவ முடியாமல் இருந்தன.

இந்நிலையை மாற்றப் புறப்பட்டவர் ஒரு பொதுநிலைப் பெண். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆக்னஸ் மெக்லாரன் பிரான்சில் மருத்துவம் பயின்றவர். தமது அறுபதாம் வயதைக் கடந்து, 1898-இல் கத்தோலிக்க மறையைத் தழுவியவர். முக்காடும் திரையும் மறைத்த பெண்களுக்கு மருத்துவ உதவி கிட்டாததை அறிந்து, 1909-இல் இராவல்பிண்டியில் பெண்களுக்கான மருத்துவமனை அமைய வழிசெய்தார். துறவறச் சகோதரிகள் மருத்துவராவதற்கு இசைவு வேண்டி உரோமைக்கு மீண்டும் மீண்டும் சென்று விண்ணப்பித்தார். 1913-இல் அவர் இறக்கும்வரை அந்த இசைவு கிடைக்கவில்லை.

ஆனால் விதை வீணாகவில்லை. அவருடைய அழைப்பால் தூண்டப்பெற்ற ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவப் பணிச் சகோதரிகள் சபையை நிறுவினார். அவரைப் பற்றிய சிறுநூலைப் படித்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூருக்கு 1920-இல் வந்தார். துறவறம் ஏற்றும் சிறப்பு அனுமதியோடு மருத்துவப் பணியைத் தொடர்ந்தார். கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை 1943-இல் தொடங்கியவரும் அவரே. திருச்சபை 2013-இல் அவரை இறையடியாராக அறிவித்தது.

1936-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைபரப்புப் பேராயம் சகோதரிகளுக்கு மகப்பேறு மருத்துவத்தின் கதவைத் திறந்தது. திண்டிவனத்து இரவுக்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. வேலூர் மறைமாவட்டமோ 1952-இல்தான் உருவாயிற்று. பிற சபையினர் நமக்கு முன்பே இங்கு ஆற்றிய பணியை நன்றியோடு நினைப்பதில் நமக்குக் குறைவேதும் இல்லை.

எண்ணத் தொடங்கியவர்கள்

மருத்துவமனை கட்டிவிட்டால் மட்டும் போதாது என்பதை வேலூர் மருத்துவர்கள் விரைவில் உணர்ந்தனர். வாசலுக்கு வந்தவர்களை அவர்கள் அறிவார்கள். வராமலே இறந்தவர்களை யார் அறிவார்? ஆகவே சிற்றூர்களுக்குச் சென்று பிறப்பையும் இறப்பையும் வீடுவீடாகக் கேட்டு எழுதும் பணி தொடங்கியது. கணியம்பாடி ஒன்றியத்தில் அந்தந்த ஊரைச் சேர்ந்த பெண்களே நலப்பணியாளராகி, கருவுற்றவர் யார், பிள்ளை பிறந்ததா, பிழைத்ததா என்று குறித்தனர். இறந்தவரின் வீட்டாரிடம் அமர்ந்து பேசிச் சாவின் காரணத்தைக் கண்டறியும் முறையும் அங்குப் பயன்பட்டது. கே.வி. குப்பம் ஒன்றியத்தில் இத்தகைய ஊரகப் பணி 1977-இல் தொடங்கியது.

இக்கணக்கு ஒருநாள் எவரும் எதிர்பாராத உண்மையை வெளியிட்டது. 1986-க்கும் 1990-க்கும் இடையே, கே.வி. குப்பம் ஒன்றியத்தின் 12 சிற்றூர்களில் குழந்தைகளின் வளர்ச்சியை அறிய ஓர் ஆய்வு நடந்தது. அதனை நடத்திய சாபு ஜார்ஜ், ஐடா பயின்ற அதே கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர். எடையும் உயரமும் அளக்கச் சென்ற இடத்தில், சில பெண்குழந்தைகள் அளப்பதற்கே இல்லாமற் போயின. 759 குழந்தைகள் உயிரோடு பிறந்தன. அவற்றுள் 56 இறந்தன: ஆண் 23, பெண் 33. அந்த 33 பெண்குழந்தைகளில் 19 குழந்தைகள் கொல்லப்பட்டவை என்று ஆய்வு உறுதிசெய்தது. கொல்லப்பட்ட ஆண்குழந்தை ஒன்றுகூட இல்லை. சாபு ஜார்ஜ், இராஜரத்தினம் ஏபெல், மில்லர் ஆகிய மூவரும் 1992-இல் இதனை வெளியிட்டனர்.

உசிலம்பட்டியைப் பற்றி 1986-இல் நாடே பேசியது. கள்ளிப்பால் எங்கோ தெற்கே உள்ள கொடுமை என்று வடஆற்காட்டு மக்கள் எண்ணியிருந்தனர். அது நமது வீட்டு வாசலிலும் இருந்தது. விடுதலைப்பயண நூலில் எபிரேய மருத்துவச்சிகளான சிப்ராவும் பூவாவும், ஆண்குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட ஆணையை மீறி அவற்றைக் காத்தனர். இங்கோ அரசன் எவனும் ஆணையிடவில்லை. வரதட்சணையும் ஆண்பிள்ளை ஆசையும் இட்ட ஆணைக்குப் பெற்றோரே பணிந்தனர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று காட்டும் கருவி வந்தபின், கொலை தொட்டிலிலிருந்து கருவறைக்கு இடம் மாறியது. 1994-இல் அதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட வேண்டியதாயிற்று.

சட்டம் வந்த பிறகும்

கருக்கலைப்பு 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி குற்றமாக இருந்தது. தாயின் உயிரைக் காக்க மட்டுமே விலக்கு இருந்தது. சாந்திலால் ஷா தலைமையில் 1964-இல் அமைந்த குழுவின் பரிந்துரைக்குப்பின், 1971-இல் புதிய சட்டம் நிறைவேறியது. 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 2021-இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. தொடக்கக் காலந்தொட்டே கருக்கலைப்பைக் கண்டித்துவரும் திருச்சபை இதனை ஏற்கவில்லை, ஏற்கவும் இயலாது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கருக்கலைப்பையும் சிசுக்கொலையையும் கொடிய குற்றங்கள் என்றே கூறியது.

ஆனால் சட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்ன முதன்மையான காரணம், கைவைத்தியத்தால் இறக்கும் பெண்களைக் காப்பது. அது நிறைவேறியதா? சட்டம் வந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின், 2000-ஆம் ஆண்டில், ஆபிரகாம் ஜோசப், சுலோச்சனா ஆபிரகாம் முதலிய வேலூர் மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு, தென்னிந்தியச் சிற்றூர்ச் சமூகமொன்றில் பாதுகாப்பற்ற கருக்கலைப்பு நீடிப்பதையே பொருளாகக் கொண்டது. மருத்துவர் வீட்டிலிருக்க மூவர் இறந்த அந்தத் திண்டிவனத்து நிலை, சட்டம் ஏட்டிலிருக்கத் தொடர்ந்தது.

கருக்கலைப்பை நாடுவோர் ஒழுக்கந் தவறிய கன்னிப்பெண்கள் என்பது நம்மிடையே நிலவும் எண்ணம். ஆய்வுகள் காட்டுவது வேறு. நம் நாட்டில் அவர்களுள் பெரும்பாலோர் திருமணமானவர்கள். ஏற்கெனவே பிள்ளை பெற்றவர்கள். செங்கற்பட்டுப் பகுதிக் கிராமங்களை ஆராய்ந்து, சுந்தரி இரவீந்திரனும் பாலசுப்பிரமணியனும் 2004-இல் எழுதியவை நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கின்றன. மனைவியின் விருப்பத்தைக் கேட்காத கணவன். மறுக்கும் உரிமையே தனக்கு உண்டென்று அறியாத மனைவி. அதன் விளைவாக வேண்டாத கருவுறுதல். கருவைக் கலைக்க இசையும் வீடு, படுக்கையில் 'இன்று வேண்டாம்' என்று சொல்ல அவளுக்கு இடந்தரவில்லை.

ஆண்களின் பங்கு இத்துடன் முடிவதில்லை. 1952-இல் இந்தியா குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கியது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களுக்கு நடந்த கட்டாயக் கருத்தடையின் கசப்புக்குப்பின், அச்சுமை ஏறக்குறைய முழுவதும் பெண்கள் மேல் விழுந்தது. தமிழ்நாட்டில் கருத்தடை அறுவை செய்துகொள்ளும் ஆண்கள் இன்று நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 1968-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் வெளியிட்ட 'மனித உயிர்' என்னும் சுற்றுமடல், செயற்கைக் கருத்தடை பரவினால் கணவன் மனைவியை மதியாமல் தன் இன்பத்துக்குரிய கருவியாகக் கருதிவிடக்கூடும் என்று எச்சரித்தது. அம்மடலை நாம் தடைகளின் பட்டியலாக மட்டும் படித்துவிட்டோம். கணவர்களுக்கு அது இட்ட கடமையைப் படித்தவர் எத்தனை பேர்? இயற்கைவழிக் குடும்பத் திட்டத்துக்குக் கணவனின் பொறுமையும் மனைவியின் உடலறிவும் இன்றியமையாதவை. அவ்வறிவைக் கற்பிக்காமல் தடையை மட்டும் போதித்தால், சுமை யார் தலையில் ஏறும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நமது பங்கு

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் காலணித் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பெண்கள் உழைக்கிறார்கள். விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க ஓடும் அப்பெண்களில் நமது பங்குகளைச் சேர்ந்தவர்களும் உண்டு. நாள் தள்ளிப்போனால் அவள் யாரிடம் சொல்வாள்? மருந்துக் கடையிலா, அண்டை வீட்டாரிடமா, அன்பியத்திலா? கடைசியாகச் சொன்ன இடத்தில் அவளைப் பற்றிப் புறம் பேசுவார்கள் என்று அவள் அஞ்சினால், அந்த அச்சத்துக்குப் பொறுப்பு நம்முடையது.

திருச்சபை கொள்கையில் தளராமல், இரக்கத்தில் வளர்ந்தே வந்திருக்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995-இல் எழுதிய 'வாழ்வின் நற்செய்தி'யில், கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்களை நோக்கி நேரடியாகப் பேசி, நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று வேண்டினார். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ், இப்பாவத்துக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை எல்லா அருள்பணியாளருக்கும் நிலையாக அளித்தார். தலைமை திறந்த கதவைப் பங்குகளில் நாம் சாத்திவிடலாகாது.

திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் ஓர் அருட்சகோதரி மருத்துவரையோ செவிலியரையோ கொண்டு, மணமக்கள் இருவருக்கும் சேர்த்தே உடலைப் பற்றிய அறிவைக் கற்பிக்கலாம். இரண்டாவதும் பெண் என்று கலங்கும் வீட்டுக்கு அன்பியத்தார் முதலில் சென்று வாழ்த்தலாம். வரதட்சணை வாங்கிய திருமணத்தில் விருந்துண்ண மறுக்கலாம். கருவுற்று அஞ்சி நிற்பவள் எவளாயினும், கேள்வி கேட்குமுன் அவளுக்கு உணவும் மருத்துவமும் பேறுகாலம்வரை துணையும் உறுதி செய்யலாம். இவற்றைச் செய்யாமல் உயிரின் மாண்பைப் பற்றி மேடையில் முழங்குவதால் எந்தச் சிசுவும் பிழைத்ததில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண் கூட்டத்தினுள் ஒளிந்து வந்தே ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். எல்லார் முன்னும் அவளை மகளே என்றழைத்து, அமைதியோடு அனுப்பினார் அவர். நமது சாலையோரத்துச் சுமைதாங்கிகள் சாலை அகலப்படுத்தும்போது ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்படுகின்றன. அவை நின்ற இடத்தில் நமது பங்குகள் நிற்கட்டும். சுமையோடு வருகிற பெண் இறந்தபின் அல்ல, உயிரோடிருக்கும்போதே அதை இறக்கி வைக்கட்டும்.