மின் கிராம சுயராஜ்யம் (இ-கிராம் ஸ்வராஜ்)

ஊராட்சிகளின் ஆண்டுத் திட்டம், வரவு செலவு, பணிகளின் நிலை ஆகியவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் இணையத்தளம். ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகத்தால் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்டது. 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்ததும் 1993இல் இதே நாளில்தான்.

நிதியாண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அவ்வூரின் திட்டம் திறக்கும். புதுக்கோட்டை மாவட்டம், கறம்பக்குடி ஒன்றியத்து ஊராட்சி ஒன்றைத் திறப்பவர், எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய், எந்தத் தெருவுக்கு வடிகால், மதிப்பீடு எவ்வளவு, பணம் எந்த நிதியிலிருந்து என்று பார்க்கலாம். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. பட்டியல்களில் குழாயும் வடிகாலும் மிகுந்திருக்க அதுவும் ஒரு காரணம்.

  

தளம் காட்டுகிறதே தவிர, குடிமக்களிடம் கேட்பதில்லை. கோரிக்கையை வைக்க கிராம சபைக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்கள் 2022இல் ஆறாயின: மார்ச் 22, நவம்பர் 1 சேர்ந்தன. அங்கே தீர்மானமாகாத வேலையைத் திரையில் தேடிப் பயனில்லை. ஆனால் தீர்மானமான வேலை பட்டியலில் ஏறியதா என்பதை, ஊராட்சி அலுவலகத்தில் யாரையும் கேட்காமல், கைப்பேசியிலேயே சரிபார்த்துவிடலாம்.