கித்தா மரத்துத் தேன்



கேம்பல் லேன் பூக்கடையில் மாலை வாங்க நிற்கும்போது மல்லிகைச் சரத்தைச் சுற்றும் தேனீயைப் பார்த்திருப்பீர்கள். 'சூ' என்று விரட்டிவிட்டுப் போய்விடுவோம். அந்தச் சின்னப் பூச்சிக்கும் நம் தாத்தா பாட்டி சீவிய கித்தா மரத்துக்கும் ஓர் உறவு உண்டு.

1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 கித்தா நாற்றுகள் நம் பூமலைக்கு வந்தன. 1888-ல் பூமலைக்குப் பொறுப்பேற்ற ரிட்லி துரை, மரம் சாகாமல் பால் எடுக்கும் வழியைக் கண்டார். பிறகு செம்பவாங், நீ சூன், மலாயா எங்கும் கித்தாக் காடுகள். நம்மவர்கள் கப்பல் கப்பலாக வந்தது தெரிந்த கதைதான்.

தெரியாத கதை ஒன்று சொல்கிறேன். கித்தா மரம் தேனைத் தருவது பூவில் அல்ல, இலையில்! பழைய இலை கொட்டித் தளிர் விடும்போது, மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் கசியும். கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் தை முதல் பங்குனி வரை தேனீக்கள் அதைத்தான் குடிக்கும். நாம் ருசிக்கும் மார்த்தாண்டம் தேனில் பெரும்பகுதி இந்த இலைத்தேன்தான். 1920-களில் அங்கே ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் தொடங்கிய ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைக் குடும்பங்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கைத்தொழிலாகக் கற்றுக்கொடுத்தார். நம் நாட்டுத் தேனீக்கென்றே பாதிரியார் நியூட்டன் அமைத்த சிறு மரப்பெட்டி வீட்டுக்கு வீடு கொல்லையில் நின்றது.

1991, 92-ல் இடி விழுந்தது. தாய்லாந்தில் முதலில் கண்டறியப்பட்ட வைரஸ் நோய் ஒன்று தென்னிந்தியாவில் பரவியது. புழுக்கள் நீர் கோத்த பை போல ஊதிச் செத்தன. 100 கூட்டில் 90-க்கு மேல் அழிந்ததாகக் கணக்கு. மருந்தா? வைரஸுக்கு ஏதுங்க மருந்து! சிலர் பெட்டியை அடுப்பில் வைத்து எரித்தார்கள். சிலர் மட்டும் சாகாமல் தப்பிய கூடுகளைப் பொறுக்கி, அவற்றைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கினார்கள். பத்தாண்டுக்குள் தேன் திரும்பி வந்தது. எந்த மருந்துக் கம்பெனியும் அதற்குப் பெருமை கொண்டாட முடியாது.

தோட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு சேதி. கித்தா இலையில் தேன் உண்டு, மகரந்தம் கிடையாது. குஞ்சுகளை வளர்க்க மகரந்தம் வேண்டுமே! தென்னம்பாளைக்கும், மரத்தடியில் பூக்கும் தொட்டாற்சிணுங்கிக்கும் தேனீ ஓட வேண்டும். களைக்கொல்லி அடித்தால் அந்தப் பூவும் போச்சு. பாராகுவாட் தோம்பை முதுகில் சுமந்து அடித்த நம் பெண்களின் நகமும் தோலும் கண்ணும் கெட்டதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலேசியா அந்த விஷத்தை 2020-ல்தான் தடை செய்தது. ஐரோப்பிய நாடுகள் தேனீயைக் கெடுக்கும் மூன்று பூச்சி மருந்துகளை வயல்வெளியில் அடிக்கக் கூடாதென்று முடிவெடுத்தது 2018-ல். பூச்சிக்கு இரண்டு ஆண்டு முந்தி இரக்கம் கிடைத்தது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சிங்கையில் தோட்டங்கள் இல்லை. கைவிடப்பட்ட கித்தா மரங்கள் சில இடங்களில் காடாக நிற்கின்றன. தேனீ நம் அடுக்குமாடிக்கு வந்துவிட்டது. எங்கள் புளோக்கில் ஒருமுறை மாடிப்படி ஓரம் கூடு கட்டியது. யாரோ ஆள் கூப்பிட்டு மருந்தடித்துவிட்டார்கள். மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் செத்த தேனீக் குவியலைத் தாண்டிப் போனார்கள்.

அடுத்த வருடம் மறுபடி ஒரு கூடு. இந்த முறை கீழ்வீட்டு அக்கா முந்திக்கொண்டு, தேனீ வளர்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்தார். பகலிலேயே வந்து பார்த்துவிட்டு, "ராத்திரி வரேங்கம்மா. இப்ப எடுத்தா வெளிய போனதெல்லாம் வீடில்லாம நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருட்டியபின் வந்தார், கூட்டைப் பெட்டியில் இறக்கினார், மூடினார். புளோக் பிள்ளைகள் எல்லாம் தூங்காமல் படியில் உட்கார்ந்து பார்த்தார்கள்.